பேட்ஜ் வேனில் இருந்தது, மாத்திரை அலமாரியில் இருந்தது

வாசகி கேட்டிருப்பது: "டாக்டர் ஐயா, நாங்கள் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 42 வயது. பதினான்கு வருஷமாக பிறையில் ஒரு கம்பெனியில் குழாய் வெல்டிங்கைப் படம் எடுத்துப் பார்க்கிற வேலை. கதிர் வீசும் இரிடியம் துண்டை (சோர்ஸ் என்பார்கள்) வைத்து ராத்திரியில் செய்வார்கள். போன செப்டம்பரில் கம்பெனி எடுத்த வருஷாந்தர ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 186,000 என்று வந்தது. சிஎம்எல் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அக்டோபரில் இமாட்டினிப் 400 மாத்திரை தொடங்கினார். தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு விரதம் இருந்தார். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பல நாள் மாத்திரையை விட்டுவிட்டார். நான் காலண்டரில் புள்ளி வைத்தேன். மூன்றாம் மாத ரத்தம் எடுக்கும் நாள் வரை 19 புள்ளி. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது ரிப்போர்ட்டில் 14 சதவீதம் என்று இருக்கிறது, மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி சோர்ஸ் குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டு, இவர்தான் போய்ச் சரிசெய்தார். உடம்பில் படும் கதிரை அளக்கச் சட்டையில் குத்துகிற பேட்ஜ் அன்று வேனில் இருந்ததாம். அதனால் வந்ததா இது? மாமியார் இவருக்குத் தனித்தட்டு, தனிப்பாய் போட்டுவிட்டார். நாலு வயது மகளைக் கிட்டே விடுவதில்லை. பிள்ளைகளுக்கும் வருமா? 1996-ல் என் பெரியப்பா மகனுக்கு அக்யூட் லுக்கேமியா வந்து, கோலாலம்பூரில் உடம்பு முழுக்க ரேடியேஷன் கொடுத்தார்கள். பிழைக்கவில்லை. இவருக்கும் அதுதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தட்டு. இன்றைக்கே எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்கவில்லை. அவர் கையாண்ட இரிடியம்-192, உலோகக் கூட்டுக்குள் வைத்து மூடி வெல்டிங் செய்த ஒரு சின்னத் துண்டு. அதிலிருந்து வரும் காமாக் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும், இல்லையென்றால் வழியிலேயே ஆற்றலை இறக்கிவிட்டு முடிந்துபோகும். டார்ச் லைட் அடித்த சுவர், லைட்டை அணைத்த பிறகும் மின்னிக்கொண்டா இருக்கிறது? தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்கள் மாதிரி, கதிர்ப் பொருளை உடம்புக்குள்ளேயே வாங்கியவர்கள்தான் சில நாள் சின்னப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். யாரோ அதைச் சொல்லக் கேட்டு மாமியார் பயந்திருப்பார். அவர்மேல் கோபப்பட வேண்டாம், பேத்தியைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார். இந்த நோய் தொற்றுவதும் கிடையாது. மகள் அப்பா மடியிலேயே தூங்கட்டும்.

பிள்ளைகளுக்கு வழிவழியாக வருமா என்றால், வராது. மஜ்ஜையில் உள்ள ஏதோ ஒரு செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டு மாற்றிக்கொண்டதில் தொடங்குவது சிஎம்எல். அப்படிக் குட்டையாகிப்போன 22-ஐத்தான் பிலடெல்பியா குரோமோசோம் என்பார்கள், 1960-ல் அந்த ஊரில் கண்டுபிடித்தார்கள். பிறந்து வளர்ந்த பிறகு ரத்தத்தில் மட்டும் நடந்த மாற்றம் என்பதால் விந்தணுவில் அது இருக்காது. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 77,000 பேரைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். பெற்றோர் பட்ட கதிரால் அவர்களுக்குப் பரம்பரைக் கேடு கூடியதாக இதுவரை தெரியவரவில்லை.

சரி, வேலையால் வந்ததா என்ற கேள்விக்கு வருவோம். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் எழுதினால் அது பொய்யாகிவிடும். கதிர் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மேரி கியூரியின் மகள் இரேன் 1956-ல் செத்ததே லுக்கேமியாவால், அதாவது ரத்தப் புற்றுநோயால்தான். ஜப்பானில் குண்டு விழுந்து இரண்டே வருஷத்தில் லுக்கேமியா கூட ஆரம்பித்து, ஆறு முதல் எட்டு வருஷத்தில் உச்சத்துக்குப் போனது. அதில் சிஎம்எல்லும் உண்டு. உங்கள் எட்டு வருஷம் அந்தக் கணக்குக்குள் பொருந்தத்தான் செய்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் அதே ஜப்பானில் இன்னொன்றையும் பாருங்கள். மஜ்ஜையில் ஓரளவாவது கதிர் பட்ட சுமார் 49,000 பேரில் 2000-ஆம் ஆண்டு வரை லுக்கேமியாவால் இறந்தவர்கள் 204 பேர். அதில் 94 மரணம் குண்டின் கதிரால் கூடுதலாக வந்தது என்று கணக்கிட்டார்கள். மற்ற 110 பேர் குண்டே விழாத ஊரில் இருந்திருந்தாலும் இறந்திருப்பார்கள். யார் அந்த 94, யார் அந்த 110 என்று பிரிக்க எந்தச் சோதனையும் கிடையாது. கதிரால் கெட்ட செல்லும் தானாகக் கெட்ட செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதிலும் சிஎம்எல் மேல்நாட்டில் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருகிற நோய், நம் ஆசியப் பக்கத்தில் நாற்பதுகளிலேயே வரும். கதிரின் வாசனையே படாத டாக்சி ஓட்டுநர், நாசி லெமாக் கடைக்கார அம்மா, பள்ளிக்கூட ஆசிரியர் என்று 42 வயதுக்காரர்களை நானே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

அதனால் எவ்வளவு கதிர் பட்டது என்பதுதான் கணக்கு. உலக சராசரியில் மண், காற்று, சாப்பாடு, ஆகாயம் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) நம் எல்லாருக்கும் கிடைக்கிறது. கதிர்த் தொழிலாளிக்கு வருஷ வரம்பு 20. ஒழுங்காக வேலை நடக்கும் இடத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 3 ஏறுகிறது என்று வையுங்கள், 14 வருஷத்தில் 42. இப்போது அந்த ராத்திரி. நாற்பது கியூரி வலுவுள்ள இரிடியத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மணி நேரத்தில் 190 மில்லிசீவர்ட் அளவுக்கு ஏறும். மூன்று நிமிஷம் என்றால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் தூரம் பாதியானால் கதிர் நாலு மடங்கு. குனிந்து பத்து சென்டிமீட்டருக்குப் போய்விட்டால் நூறு மடங்கு. ஆகவே அவரிடம் நான் கேட்க நினைப்பது இவ்வளவுதான்: எவ்வளவு கிட்டே போனார், எத்தனை நிமிஷம், கையால் தொட்டாரா, தள்ளி நின்று சோர்ஸை உள்ளே இழுக்கும் கைப்பிடியை, கிராங்கை, சுற்றியே இழுத்தாரா? அடுத்த சில வாரத்தில் விரல் சிவந்து கொப்பளித்ததா? அன்று வாந்தி எடுத்தாரா?

விரலைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1999-ல் பெரு நாட்டில் யனாங்கோ என்ற இடத்தில் ஒரு வெல்டர், கீழே கிடந்த இரிடியம் துண்டை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலை செய்தார். அன்று சாயங்காலமே தொடை சிவந்தது, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வந்தது. பெரிய அளவு கதிர் அப்படித் தோலில் எழுதிவிட்டுத்தான் போகும். உங்கள் வீட்டுக்காரர் கையில் ஒன்றுமே தெரியவில்லை, வாந்தியும் இல்லை என்றால், அன்றைய அளவு பயங்கரமானது இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

எல்லாம் சேர்த்து, பேட்ஜ் போடாத நாள்களுக்கும் கொஞ்சம் கூட்டி, 100 மில்லிசீவர்ட் என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுத்துறைத் தொழிலாளர்கள் 308,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2015-ல் வந்தது. அதன்படி 100 மில்லிசீவர்ட்டுக்கு லுக்கேமியா ஆபத்து ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். பச்சையாகச் சொன்னால், அவ்வளவு கதிர் பட்டு லுக்கேமியா வந்த 13 பேரை ஒரு வரிசையில் நிறுத்தினால், பத்துப் பேருக்கு எப்படியும் வந்திருக்கும், மூன்று பேருக்குக் கதிரால் வந்தது. சிஎம்எல்லுக்கு இந்தத் தொடர்பு மற்ற வகைகளைவிட அழுத்தமாகத் தெரிந்ததால், அந்த மூன்று இன்னும் கூடலாம். 'இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதுதான் நேர்மையான பதில். கோர்ட்டில் நின்றாலும் இதைத்தான் சொல்வேன்.

பேட்ஜை வேனில் விடுகிற பழக்கம் எனக்குப் புதிதில்லை. இந்த வேலைக்காரர்கள் சிலருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். ரீடிங் ஏறினால் கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும் என்று கழற்றி வைப்பார்கள். வீட்டு லோனும் பிள்ளை டியூஷன் காசும் கழுத்தை நெரிக்கும்போது நான் யாரைக் குறை சொல்ல? ஆனாலும் அந்தப் பேட்ஜ் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய ஆள். அன்று வேனில் உட்கார்ந்திருந்துவிட்டது.

அதனால் இப்போது செய்ய வேண்டியது: கம்பெனியிடம் 14 வருஷ டோஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. தொழிலாளிக்கு 75 வயது ஆகும்வரையும், வேலையை விட்ட பிறகு குறைந்தது 30 வருஷமும் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. தொலைந்துவிட்டது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த ராத்திரி எந்தத் தேதி, எந்த இடம், கூட யார் இருந்தார்கள், கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி (ஆர்பிஓ) வந்தாரா, பேட்ஜ் எங்கே இருந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே அவர் கைப்பட எழுதி வைக்கட்டும். பிறகு தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்குப் போங்கள். கதிரால் வரும் நோய்கள் அவர்களுடைய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. கொடுப்பார்களா மாட்டார்களா என்பதை அவர்கள் டாக்டர் குழு முடிவு செய்யட்டும், விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இனிமேல் அந்த வேலை? சோர்ஸ் பக்கம் போகாமல், அதே கம்பெனியில் ஒலியலையாலும் சாயத்தாலும் விரிசல் பார்க்கும் அல்ட்ராசோனிக், டை பெனட்ரன்ட் சோதனைக்கு மாற்றிக் கேட்கலாம். அதுவும் அவருக்குத் தெரிந்த தொழில்தான், அதில் கதிர் கிடையாது.

உங்கள் பெரியப்பா மகனை நினைத்து நீங்கள் நடுங்குவது புரிகிறது. அக்யூட் லுக்கேமியா வேறு நோய், வேறு வேகம். மஜ்ஜை மாற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுக்க உடம்பு முழுக்க 12 கிரே வரை, அதாவது 12,000 மில்லிகிரே, பல தவணையாகக் கதிர் கொடுப்பார்கள். காமாக் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே போட்ட 100-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைத்தியம் இல்லாவிட்டால் 4 கிரேயிலேயே பாதிப் பேர் இறந்துபோவார்கள். புது மஜ்ஜை கையில் தயாராக இருப்பதால்தான் அவ்வளவு கொடுக்கத் துணிகிறோம். இன்றைக்கும் அது தேவைப்படுகிறது. மஜ்ஜை மாற்று தேவைப்பட்ட அக்யூட் லிம்போபிளாஸ்டிக் வகைப் பிள்ளைகளில், நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வெறும் மருந்தைவிடக் கதிரே நன்றாகக் காப்பாற்றியது என்று 2021-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இரண்டு வருஷத்தில் 91 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 75. அதே நோய்க்கு அந்தக் காலத்தில் பிள்ளைகளின் தலைக்கு வழக்கமாகக் கொடுத்த கதிரை இன்று பெரும்பாலும் விட்டுவிட்டோம். நோய் போனது, ஆனால் படிப்பு ஏறவில்லை, உயரம் வளரவில்லை, சிலருக்குப் பிறகு மூளையில் கட்டி வந்தது. கதிர் இல்லாமலே குணமாக்கலாம் என்று அமெரிக்காவில் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009-ல் காட்டியது. நம் மலேசிய, சிங்கப்பூர் டாக்டர்கள் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் ஆய்வும் யாருக்கு மருந்தைக் குறைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. சரி, அது வேறு கதை.

சிஎம்எல்லுக்கு இவ்வளவு எதுவும் முதலில் தேவையில்லை. 1990-களில் நான் வார்டில் இருந்தபோது எங்களிடம் ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருந்தது, இன்டர்ஃபெரான் ஊசி இருந்தது. ஊசி போட்ட ராத்திரி முழுக்க நோயாளிக்குக் காய்ச்சலும் நடுக்கமும். லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், "டாக்டர், இதுக்கு அந்த நோயே தேவலை" என்றார். அண்ணன் தம்பி மஜ்ஜை பொருந்தியவர்கள் மாற்றிக்கொண்டார்கள், மற்றவர்களுக்கு நாள்களை எண்ணினோம். 2001-ல் இமாட்டினிப் வந்தது. அதை முதலில் எடுத்துக்கொண்டவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். உங்கள் அலமாரியில் கிடப்பது அந்த மாத்திரைதான்.

அது வேலை செய்கிற விதம் இது. துண்டு மாறிய குரோமோசோம் ஒரு கெட்ட புரதத்தைச் செய்கிறது, அது ஓயாமல் 'பெருகு, பெருகு' என்று செல்லை விரட்டுகிறது. அந்தப் புரதத்தில் பூட்டு மாதிரி ஒரு குழி. உடம்பின் ஆற்றல் மூலக்கூறு சாவியாக அதில் நுழைந்தால்தான் அது இயங்கும். இமாட்டினிப் உடைந்த சாவி மாதிரி அந்தக் குழியில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் செல் தினமும் புதுப் பூட்டுகளைச் செய்துகொண்டே இருக்கிறது, மருந்தும் ரத்தத்திலிருந்து தினமும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒரு நாள் விட்டால் பூட்டுகள் திறக்க ஆரம்பித்துவிடும்.

லண்டனில் 2010-ல் ஒரு வேலை செய்தார்கள். 87 சிஎம்எல் நோயாளிகளுக்குக் கொடுத்த மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சின்ன சிப். எப்போது திறந்தார்கள் என்று அது பதிந்துகொண்டே இருந்தது. பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில், ஆறு வருஷத்தில் நோய் நன்றாக அடங்குவதற்கான வாய்ப்பு 94 சதவீதத்துக்கு மேல். அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் 28. உங்கள் வீட்டுக்காரர் 92 நாளில் 19 நாள் விட்டிருக்கிறார், 79 சதவீதம்தான் எடுத்திருக்கிறார். இந்தக் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இரிடியம் இல்லை, உங்கள் காலண்டர் புள்ளிகள்தான்.

ரிப்போர்ட்டில் உள்ள சதவீதம், அந்தக் கெட்ட புரதத்தைச் செய்யும் மரபணுவின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பிசிஆர் சோதனை காட்டும் அளவு. மூன்று மாதத்தில் அது 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், ஆறு மாதத்தில் 1, ஒரு வருஷத்தில் 0.1. இவருக்கு 14. அது எச்சரிக்கை, தோல்வி என்று இன்னும் முத்திரை குத்த வேண்டாம். ஆனால் உங்கள் டாக்டர் பார்ப்பது 14 என்ற எண்ணை மட்டும். மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்று நம்பிக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தால், மருந்து பலிக்கவில்லை, இன்னும் கடுமையானதுக்கு மாற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். நிலோடினிப், டாசடினிப் எல்லாம் நல்ல மருந்துகள்தான். ஆனால் ஒன்று இதய ரத்தக் குழாயைத் தொடும், இன்னொன்று நுரையீரலைச் சுற்றி நீர் சேர்க்கும். தேவைப்படும்போது எடுக்க வேண்டிய ஆயுதத்தை, மறைத்த 19 நாளுக்காக இப்போதே எடுக்க வேண்டுமா? உண்மையைச் சொன்னால், ஒழுங்காகக் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பிசிஆர் எடுத்துப் பார்ப்போம் என்பார். திட்டினாலும் பரவாயில்லை, காது புளிக்கட்டும்.

குமட்டலுக்கு வழி உண்டு. வெறும் வயிற்றில் போடவே கூடாத மாத்திரை இது. வயிறு நிறையச் சாப்பிட்டு, நடுவிலோ முடிவிலோ போட்டு, ஒரு பெரிய குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், காலையில் கண் இமை வீங்கும். இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. விரதத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. சைவம் இருக்கட்டும், ஒரு வேளை மட்டும் சாப்பிடட்டும், அந்த ஒரு வேளையோடு மாத்திரை. அடுத்த வருஷம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பதானால் முன்னாடியே ரத்த அணுக்களைப் பாருங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருந்தால் அலகு குத்த வேண்டாம், பால்குடம் எடுக்கட்டும்.

அப்புறம், ஈப்போ போகிறவர்கள் வாங்கி வரும் தம்புன் பம்ப்ளிமாஸ். மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடிய பழம் என்பதால் அதைத் தவிருங்கள். டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைத் தண்ணீரும் யாராவது கொண்டுவந்து தருவார்கள், ஏற்கெனவே தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரேயே எடுக்கக் கூடாது என்று சொல்கிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் கூட வராது. மண்ணீரலுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டில் கதிரே கிடையாது.

ஆயுசுக்கும் மாத்திரையா என்று அவர் கேட்பார். ரத்தத்தில் தடயமே இல்லாமல் இரண்டு வருஷமாவது இருந்தவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள் பிரான்சில். பத்தில் நாலு பேருக்கு நோய் திரும்பவில்லை. அதைப் பற்றிப் பேசச் சில வருஷம் போகட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அவர் வாயைத் திறக்கத் தயங்குவார், ஆண்பிள்ளைகள் அப்படித்தான். அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்து, மிச்ச மாத்திரை அட்டைகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய், டாக்டர் மேசைமேல் வைத்துவிடுங்கள். புள்ளிகளை அவரே எண்ணிக்கொள்வார்.